கடைமடைக்கும் அதே வெளிச்சம்

அலுவலகச் சுவரில் ஒரே சீராக வெளிச்சம் படரவேண்டும் என்று எல்.இ.டி. ஸ்ட்ரிப் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், நிறத்தைக் கேட்பார்கள், மீட்டருக்கு எத்தனை விளக்கு என்று கேட்பார்கள். மூன்றும் கேட்கவேண்டியவைதாம். மீட்டருக்கு 60 விளக்கு உள்ளதை விட்டு 120 உள்ளதை எடுத்தால் சுவரில் புள்ளிபுள்ளியாக விழுவது குறையும். அலுமினியச் சட்டத்துக்குள் ஒட்டி மேலே பால்நிற மூடி போட்டால் மிச்சப் புள்ளியும் கரைந்துவிடும். சுவரை ஒட்டி வைத்தால் பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். சற்றுத் தள்ளி வைத்தால் அடங்கும். இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 5 மீட்டர்ச் சுருளின் முதல் முழத்தில் உள்ள வெளிச்சம் கடைசி முழத்திலும் இருக்குமா? எலக்ட்ரீஷியன்கள் இந்தக் குறையை ‘வோல்ட் டிராப்’ என்பார்கள். சமயங்கள் இதே கேள்வியை வேறு சொற்களில் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றன. கொடுப்பவன் எல்லாருக்கும் ஒன்றுபோலவே கொடுக்கிறான் என்றால், போய்ச் சேரும் இடத்தில் ஏன் ஒன்றுபோல் இல்லை? அந்தக் குறைக்குப் பெறுகிறவன் பொறுப்பா, கொண்டு சேர்க்கிறவன் பொறுப்பா?

இந்தக் கேள்வியைத் தண்ணீரில் பார்த்துப் பழகிய ஊர் ஒன்று உண்டு: திண்டுக்கல் மாவட்டத்தில் ஆத்தூரை அடுத்த பேரூராட்சி சித்தையன்கோட்டை. வாய்க்காலையும் கண்மாயையும் நம்பிப் பயிர் செய்யும் சமவெளி. குடகனாற்றுத் தண்ணீர் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்று ஊர்கள் வழக்காடி வந்த வட்டாரம் இது. தலைமடை, கடைமடை என்ற சொற்களுக்கு இங்கே யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. மடை திறந்ததும் தலைமடை வயல் நிறைந்துவிடும். கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வரப்பில் நின்று, வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் ஒரு வாய்க்கால்தான். அதன் பட்டையில் ஓடும் செம்புத் தகடு மெல்லியது. மின்சாரம் அதில் ஓட ஓட, வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கரைகிறது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் விளக்குகள் மூன்று மூன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு வெள்ளை விளக்கு எரியச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஆக, மூன்றுக்கு 9 வோல்ட் போய்விடுகிறது. மீதி 3 வோல்ட்தான் ரெசிஸ்டரில் நின்று, எவ்வளவு மின்சாரம் ஓடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இப்போது கடைசி முனைக்கு 12-க்குப் பதில் 11 வோல்ட் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது பன்னிரண்டில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் விளக்குகள் தங்கள் 9 வோல்ட்டை முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சமான 3 வோல்ட் 2 ஆகிவிடும். ஓடும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், வெளிச்சமும் அந்த அளவுக்கு மங்கும். இந்தக் கணக்கை ஒருமுறை ஊன்றிப் பார்த்தால் போதும், வறுமையைப் பற்றியும் ஓர் உண்மை விளங்கும். உயிர் தரிக்கவே வருமானத்தில் முக்கால்வாசி போய்விடுகிற வீட்டில், பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்தால் மிச்சத்தில்தான் அத்தனையும் குறைகிறது. பிள்ளையின் படிப்பும் நோய்க்கு மருந்தும் அந்த மிச்சத்தில்தான் இருந்தன.

அருள் சமமாயிருந்தும் பலன் சமமாக இல்லாதது ஏன் என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை புகழ்பெற்றது. சூரியன் ஒன்று, அதன் கதிரும் ஒன்று. குளத்தில் ஒரு தாமரை விரிகிறது, ஒன்று மொட்டாகவே நிற்கிறது, ஒன்று வாடுகிறது. வேறுபாடு கதிரில் இல்லை, மலரின் பக்குவத்தில் இருக்கிறது. உயிரை மறைக்கும் ஆணவ மலம் பழுத்து, நல்வினை தீவினை இரண்டையும் ஒப்பப் பார்க்கும் நிலை வந்த உயிரில் திருவருள் பதிகிறது. அதைச் சத்திநிபாதம் என்பார்கள். இந்த விடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இறைவனிடம் ஓரவஞ்சனை உண்டு என்ற பழியை இது நீக்குகிறது. உயிருக்கு முயற்சியும் பொறுப்பும் உண்டு என்று சொல்கிறது. தன்னைத் தானே பார்த்து ‘எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை’ என்று சொல்லிக்கொள்கிற மனிதனுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சிக்கல் வேறோர் இடத்தில் பிறக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய வார்த்தையை மனிதன் பிறரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். ‘திட்டம் எல்லாருக்கும் பொதுதான், அவர்களுக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை’ என்கிறான். ‘பள்ளிக்கூடம் எல்லாருக்கும் ஒன்றுதான், அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை’ என்கிறான். சூரியனுக்காகச் சொன்ன வாதத்தை மடைக்காரன் தன் வாதமாக எடுத்துக்கொள்கிறான். சூரியனுக்கும் தாமரைக்கும் நடுவே வாய்க்கால் இல்லை. மனிதர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றிலும் வாய்க்கால் உண்டு, அதை வெட்டியவர் உண்டு, மடையைத் திறப்பவரும் உண்டு. ஆகவே என் வாதம் இதுதான்: பக்குவம் என்பது தன்னை நோக்கிச் சொல்லவேண்டிய சொல். பிறருக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பில் இருப்பவர் அதைச் சொல்லக் கூடாது. சமமாகக் கொடுத்தேன் என்பதோடு அவர் கடமை முடியாது, சமமாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்தான் முடியும்.

இதை நிரூபிக்க ஒரு கத்தரிக்கோல் போதும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு மூன்று விளக்குக்கும் ஒரு வெட்டுக்கோடு போட்டிருப்பார்கள். மங்கலாக எரியும் கடைசித் துண்டை அந்தக் கோட்டில் வெட்டி, மின்சாரம் ஊட்டும் டிரைவரோடு நேரே இணைத்துப் பாருங்கள். தலைப்பக்கத்து விளக்கு போலவே பளிச்சென்று எரியும். அதே சுருள், அதே தொழிற்சாலை, அதே விளக்குகள். கடைசி என்பது அவற்றின் பிறவிக் குணமாக இருக்கவில்லை. ஊட்டம் எந்த முனையில் தொடங்கியது என்பதால் வந்த இடப்பெயர் அது. டிரைவரை மறுமுனையில் வைத்திருந்தால் தலை கடையாகியிருக்கும். விளக்குகளில் பழுதானது ஒன்றுகூட இருக்காதா என்றால், இருக்கலாம். அது எப்போது தெரியும்? முழு அழுத்தமும் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும் எரியாதபோது தெரியும். அதற்கு முன் விளக்கைக் குறைசொல்ல யாருக்கும் நியாயம் இல்லை. மனிதரின் தகுதியைப் பற்றிய தீர்ப்புகளில் பெரும்பாலானவை, முழு அழுத்தம் ஒருநாளும் போய்ச் சேராதவர்கள்மேல் எழுதப்பட்டவை.

இது சமயத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த எண்ணம் என்று யாரும் நினைக்கவேண்டாம். சைவத்துக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களுக்கு அமுது படைப்பதற்காக நாவுக்கரசருக்கும் ஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு படிக்காசு வைத்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். நாவுக்கரசர் காசு நல்ல காசு. சம்பந்தர் காசில் வாசி இருந்தது. கடைக்காரர் அதை மாற்றும்போது கழித்துக்கொண்டுதான் பொருள் கொடுப்பார். அதனால் சம்பந்தர் மடத்தில் சோறு சமைக்க நேரமாகிவிட்டது. நாவுக்கரசர் கைத்தொண்டு செய்தவர், அதனால் வாசியில்லாக் காசு என்று காரணமும் சொல்லப்படுகிறது. அதாவது பக்குவத்தின் கணக்கு அங்கேயும் இருந்தது. ஆனால் சம்பந்தர் அந்தக் காரணத்தோடு அமைதியடையவில்லை. பந்தியில் பசியோடு காத்திருந்தவர்களுக்காக, வாசியை நீக்கித் தரவேண்டும் என்று இறைவனிடமே பதிகம் பாடினார். மறுநாள் முதல் நல்ல காசு வந்தது. கொடுத்ததில் குறை இல்லை என்று சொல்லி இறைவன் ஒதுங்கவில்லை. போய்ச் சேர்ந்ததில் இருந்த குறையைத் தீர்த்தான். சோற்றில் நேர்ந்த தாமதம் இறைவனிடம் முறையிடத் தகுந்த விஷயம் என்று ஞானக்குழந்தை நினைத்ததும், அந்த முறையீடு ஏற்கப்பட்டதும் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வேண்டிய அளவு சான்று.

திருக்குர்ஆன் இதே வாதத்தை இன்னும் கடுமையாக எதிர்கொள்கிறது. அன்னூர் என்ற 24-ஆம் அத்தியாயத்தின் ஒளி வசனம், மாடத்தில் கண்ணாடிக்குள் எரியும் விளக்கை இறையொளிக்கு உவமையாக்குகிறது. அந்த விளக்குக்கு எண்ணெய் தரும் மரம் கிழக்குக்கும் உரியதில்லை, மேற்குக்கும் உரியதில்லை. மூலத்தில் ஒளிக்குப் பக்கம் கிடையாது. ரிஸ்க் எனப்படும் வாழ்வாதாரத்தை அளப்பவனும் அல்லாஹ்தான். அப்படியானால் ஏழைக்குக் கொடுப்பது மனிதன் வேலையா? யாசீன் அத்தியாயத்தின் 47-ஆம் வசனம் இந்த வாதத்தைச் சொல்பவர்களையே காட்டுகிறது. உங்களுக்குத் தரப்பட்டதிலிருந்து செலவிடுங்கள் என்றதும், அல்லாஹ் நாடினால் அவனே உணவளிக்கக்கூடியவர்களுக்கு நாங்களா உணவளிக்கவேண்டும் என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். மறை இதை மறுப்பாளர்களின் பேச்சாகவே எடுத்துக் காட்டுகிறது. இறைவனின் நிர்ணயத்தைத் தன் கஞ்சத்தனத்துக்குக் கேடயமாக்க முடியாது; ஏழைக்குக் கொடுக்கும் ஜகாத் கடமையாக இருப்பதும் இதையே சொல்கிறது. கிறித்தவத்தில் திராட்சைத் தோட்டத்து உவமையும் இங்கே வந்து நிற்கிறது. மாலையில் கடைசியாக வேலைக்கு வந்தவருக்கும் காலையில் வந்தவருக்கும் ஒரே கூலி. முன்னே வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், தோட்டத்தின் உரிமையாளர் மாறவில்லை. கடைசி ஆளைப் பற்றிய அந்த உவமையிலிருந்துதான் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் தம் நூலுக்குப் பெயர் எடுத்தார். அதை 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் படித்த காந்தி, பின்னர் குஜராத்தியில் தந்தபோது ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார்.

வள்ளலார் ஒளியையே கடவுளாகக் கண்டவர். வடலூர் சத்திய ஞான சபையில் 1872 தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடந்தது. ஜோதிக்கு முன்னே ஏழு திரை. அந்தத் திரைகள் நம் அறியாமையின் திரைகள், அவை விலகினால்தான் ஒளி தெரியும் என்பது பொருள். இது பக்குவத்தின் பாடம்தான். ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். சபைக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1867-இல், அவர் சத்திய தருமச்சாலையைத் திறந்துவிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. முதலில் சோறு, பிறகு ஜோதி. பசித்தவனிடம் ‘உன் திரை இன்னும் விலகவில்லை’ என்று சொல்ல அந்த மகானுக்கு மனம் வரவில்லை. பக்குவத்தைப் பற்றிப் பேசும் உரிமை, அடுப்பை மூட்டியவருக்குத்தான் உண்டு என்பதை அந்த இரண்டு ஆண்டுகளின் வரிசையே சொல்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கடையில் விற்கும் விளக்குப் பட்டையை வைத்து அருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது தகுமா என்று கேட்கலாம். உவமை எதையும் நிரூபிக்காது, உண்மைதான். ஆனால் நம் மரபில் உவமைக்கு ஓர் இடம் உண்டு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மேற்கோள் சொல்லி, ஏது சொல்லி, பிறகு எடுத்துக்காட்டுச் சொல்லித்தான் நடக்கிறது. அந்தக் காலத்தவர் தங்கள் கண்முன் இருந்த சூரியனையும் தாமரையையும் பளிங்கையும் விளக்கையும் எடுத்தார்கள். நம் கண்முன் இருப்பது கம்பியும் டிரைவரும். எடுத்துக்காட்டின் வேலை, பொதுவாகச் சொன்னது ஒரு பொருளில் நிற்கிறதா என்று சோதிப்பது. ‘சமமாகக் கொடுத்தால் போதும்’ என்ற பொதுவிதியை இந்தப் பட்டையில் வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. அவ்வளவுதான் நான் கோருவது.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. சமம் சமம் என்று பேசினால் முடிவில் மேலே இருப்பதைக் கீழே இறக்குவதில்தான் முடியும், தலைப்பக்கத்து வெளிச்சத்தைக் குறைத்துக் கடைசியோடு ஒப்பாக்குவதால் யாருக்கு லாபம் என்பார்கள். தலைப்பக்கத்தை மங்கவைப்பது சீராக்கும் வழிகளில் ஒன்றுதான். நல்ல வேலைக்காரர் அதைக் கடைசியாகத்தான் நினைப்பார். அவர் முதலில் மறுமுனைக்கும் ஒரு கம்பி இழுத்து, இரண்டு பக்கமும் ஊட்டம் கொடுப்பார். அப்படிச் செய்தால் மிகவும் மங்கும் இடம் பட்டையின் நடுவுக்கு வந்துவிடும், அங்கே கரையும் அழுத்தமும் முன்பு கடைசியில் கரைந்ததில் கால்பங்காகிவிடும். அல்லது 24 வோல்ட் ஸ்ட்ரிப் எடுப்பார்; அதே வெளிச்சத்துக்குப் பாதி மின்சாரம் ஓடினால் போதும், வழியில் கரைவதும் பாதியாகும். இவற்றால் தலைப்பக்கத்து விளக்கு எதையும் இழப்பதில்லை. கூடுதல் செலவு ஒரு கம்பி, கொஞ்சம் உழைப்பு. ஆனால் அந்தக் கம்பி கடைசி முனைக்கு மட்டும் தனியாகப் போகிறது. ஒன்றுபோல் சேரவேண்டுமானால் ஒன்றுபோல் கொடுப்பது போதாது, தூரத்தில் இருப்பவருக்கென்று தனிக்கம்பி வேண்டும். இதைச் சலுகை என்பவர்கள், தலைப்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் இருப்பதே ஒரு சலுகை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சீரான வெளிச்சம் புனிதத்தைக் கெடுத்துவிடாதா என்பது மூன்றாவது மறுப்பு. கருவறை இருட்டாகத்தான் இருக்கிறது. ஒரே தீபம் ஒரே திருமுகத்தைக் காட்டுகிறது. திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் தூண்களில் உலகளந்த பெருமாளையும் நரசிம்மரையும் வடித்த கைகள் நிழலை நம்பித்தான் வடித்தன. நாலாபுறமும் சமவெளிச்சம் பாய்ச்சினால் அந்தக் கல் தட்டையாகிவிடும். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கருவறையில் எல்லாக் கண்ணும் ஒருவரை நோக்கித் திரும்பவேண்டும், ஆகவே ஒளி ஓரிடத்தில் குவிவது முறை. பொது அலுவலகம் கருவறை இல்லை என்பதே இங்கு என் பேச்சு. அங்கே அதிகாரியின் மேசைமேல் ஒளி குவிந்து, மனுவோடு வந்தவர் நிற்கும் ஓரம் இருண்டு கிடந்தால், வழிபாட்டின் முறை தவறான இடத்தில் குடிபுகுந்துவிட்டது என்று பொருள். அலுவலகத்துக்குப் பொருந்தும் விளக்கை வித்யாரண்யர் பஞ்சதசியில் காட்டியிருக்கிறார். நாட்டிய அரங்கத்து விளக்கு தலைவனையும் ஆடுபவளையும் அவையோரையும் வேற்றுமையில்லாமல் காட்டுகிறது, அவர்கள் எழுந்து போன பிறகும் எரிகிறது என்று அவர், எல்லாவற்றையும் பார்த்து நிற்கும் சாட்சியான ஆன்மாவுக்கு உவமை சொன்னார். யாரையும் பெரிதாக்காத, யாரையும் விட்டுவிடாத ஒளி அது.

கடைசியாக ஒரு கடினமான உண்மை. வெளிச்சம் படிப்படியாக மங்கினால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் சட்டென்று மாறும் எல்லையைக் கண் உடனே பிடித்துவிடும். நீளத்தில் மெல்லச் சரிவதை அது விட்டுவிடும். தலைப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் சுவர் முழுதும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று மனசாட்சியோடு சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவ இருளைப் பற்றிச் சொன்னது இதுதான்: வெளி இருட்டு பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது. ஆகவே கண்ணை நம்பாமல் அளக்கவேண்டியிருக்கிறது. விளக்குத் துறையில் சீர்மையை அளக்கும் முறையிலேயே ஒரு நெறி ஒளிந்திருக்கிறது. மிகவும் மங்கிய இடத்தின் ஒளியை எடுத்து மொத்தச் சராசரியால் வகுப்பார்கள். மிகப் பிரகாசமான இடத்துக்கு அந்தக் கணக்கில் பெருமை இல்லை. முழுச் சுவரின் தரத்தையும் அதன் இருண்ட மூலைதான் சொல்கிறது. ஒரு சமுதாயத்தின் சமயப் பற்றையும் இப்படித்தான் அளக்கவேண்டும். கோபுரத்திலும் மினாராவிலும் எரியும் வண்ண விளக்கின் எண்ணிக்கையை வைத்து அளந்தால் தவறான விடைதான் கிடைக்கும்.

இந்த ஆத்தூர் வட்டாரத்துக்கு இந்தப் பாடம் புதிதில்லை. நாடு விடுதலை பெற்ற 1947-இல் மருத்துவர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்கள். கிராமத்துப் பெண்கள் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வரும் பக்குவம் பெறட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மருத்துவமும் கல்வியும் கடைமடைக்குத் தனிக்கம்பியாக இழுக்கப்பட்டன. அதே வட்டாரத்தில் இன்று ஒரு பேரூராட்சி அலுவலகத்துக்கு விளக்குப் போடுகிறவர்களிடம் கேட்பது சிறிய வேலைதான். பிறப்புச் சான்றுக்கும் வீட்டுவரிக்கும் குடிநீர் இணைப்புக்கும் வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு பெரும்பாலும் சுவரின் கடைசியில்தான் இருக்கும். இரண்டு முனையிலும் ஊட்டம் கொடுங்கள். வேலை முடிந்ததும் தலைவரின் நாற்காலியில் அமர்ந்து பார்க்காதீர்கள். அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கையில் ஒரு மனுவை விரித்துப் படித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வேலை சரி. தெரியாவிட்டால், படிப்பவரின் கண்ணைக் குறைசொல்வதற்கு முன் கம்பியைப் பாருங்கள்.